பஞ்சு சிஸ்டரும் டாக்டர் பட்டமும்

நாத்தனார் சொல்லும் அண்ணி கதை என்றதும் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கும் என் அண்ணிக்கும் சண்டை கிடையாது. ஒரே வீட்டில் மாடியில் அவர்கள் குடும்பம், கீழே நானும் என் தையல் மிஷினும். டியூட்டி முடிந்து வந்தால் அண்ணி நேராக மாடி ஏற மாட்டாள். மிஷின் பக்கத்தில் கிடக்கும் நாற்காலியில் கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து, அன்றைய ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் என் தலையில் கொட்டிவிட்டுத்தான் போவாள். அதனால் நான் நேரில் பார்க்காததையும் பார்த்த மாதிரியே சொல்வேன், நம்பலாம்.

அண்ணி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கென்று தனியாக ஒரு வார்டு இருக்கிறது, அங்கேதான் வேலை. அங்கே அவளுக்குப் பஞ்சு சிஸ்டர் என்று பெயர். கட்டுப் பிரிக்கும்போது புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியை மற்றவர்கள் சட்டென்று உரித்துவிடுவார்கள். இவள் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, அதுவரை நோயாளியோடு மருமகள் கதை, மாமியார் கதை எல்லாம் பேசி, துணி தானாக விட்டுக்கொடுத்த பிறகுதான் எடுப்பாள். டாக்டர்கள் நின்றுகொண்டு பார்ப்பார்கள். அண்ணி குட்டை முக்காலியில் உட்கார்ந்து நோயாளியின் காலை மடிக்கு நேராக வைத்துக்கொள்வாள். புண்ணைக் கண் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு பார்த்துவிடும் அவளுக்கு.

அந்த வார்டில் இன்னொரு வழக்கம். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், புண் இருக்கும் இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "கட்டைவிரல் எங்க?" என்றால், "டீ குடிக்கப் போயிருக்கு" என்று பதில் வரும். "குதிகாலுக்கு ஊசி போட்டாச்சா?" என்றால், "எந்தக் குதிகால் சிஸ்டர்? கோவக்காரக் குதிகாலா, மகன் வந்து பாக்காத குதிகாலா?" நான் முதலில் கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒரு நர்ஸை மேற்படிப்புக்கு அனுப்புவார்கள். சம்பளத்தோடு லீவு. இந்த முறை அண்ணியின் முறை. எதைப் படிப்பது என்பதை மட்டும் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, புண் சிகிச்சையிலேயே தேர்ச்சி பெறும் படிப்பு. முடித்தால் அதே வார்டுக்குத் திரும்பி வரலாம், சின்னப் புண்ணுக்கு என்ன மருந்து, எந்தக் கட்டு என்பதை டாக்டருக்காகக் காத்திருக்காமல் தானே முடிவு செய்யலாம். மற்றது ஆராய்ச்சிப் படிப்பு. முடித்தால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தலாம், மின்விசிறிக்குக் கீழே மேஜை நாற்காலி கிடைக்கும், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். இரண்டும் நல்ல படிப்புதான். அண்ணியின் தோழி ஒருத்தி ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறாள், கேள்வி கேட்டுக் கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். அவளுக்கு அது பொருத்தம்.

அண்ணிக்கு எது பொருத்தம் என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அவளுக்குப் பல வருஷமாக ஒரே கனவு. ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸுகள் நடத்துகிற ஓர் அறை இருக்க வேண்டும். சீட்டு, வரிசை எதுவும் இல்லாமல், செருப்பு கடித்த புண்ணோடுகூட யாரும் உள்ளே வந்து காலை நீட்டலாம். "புண்ணு சின்னதா இருக்கறப்ப எவனும் வர மாட்டேங்கறான்மா. கறுத்த பிறகு வந்து காலைக் காப்பாத்துங்கன்னா எப்படி?" என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். அந்த அறைக்குப் போகிற வழி முதல் படிப்புதான்.

இதில் என் அண்ணன் வாயை வைத்தார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மனசு தங்கம், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. மனைவி இரண்டு படிப்பையும் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் சொன்ன அன்றே, எந்த லிஃப்டுக்குள் போனாலும், "என் வீட்டுக்காரி டாக்டர் பட்டம் வாங்கப் போறா" என்று அறிவிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப்போகிறாள் என்பது அவருக்கு முக்கியமில்லை. டாக்டர் என்ற சொல் காதில் விழுந்தது, போதும்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் சொந்தக்காரர்கள் அப்படி. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியப்பா அண்ணியைப் பார்த்து, "நர்ஸாம்மா? அப்ப எல்லாத்தையும் நீங்கதான் எடுத்துக் கொட்டணும் இல்ல?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார். கால் வீங்கினால் மட்டும் அதே பெரியப்பா காலையிலேயே போன் பண்ணுவார். அண்ணி சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். அவளுக்கு உறைக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். உறைத்திருக்கிறது, வெளியே காட்டியதில்லை.

அண்ணன் மகள் எட்டாவது படிக்கிறாள். வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அது. பெற்றோர் கூட்டத்துக்கு அண்ணனுக்கு நேரமில்லை என்று அண்ணியோடும் குட்டியோடும் நான் போனேன். வகுப்பறை பெஞ்சுகளில் அப்பா அம்மாக்கள் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது கிளாஸ் டீச்சர் எழுந்தே நின்றுவிட்டாள்.

"வாங்க டாக்டர் மேடம். உங்க பொண்ணு சொன்னா. எவ்வளவு பிசியா இருப்பீங்க, வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்."

பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி குட்டியைப் பார்த்தாள். குட்டி தலையைக் குனிந்து தன் ஷூ முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடியில் அண்ணியின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். பிறகு அவள் டீச்சரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள். ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் அது ஆமாம்தான்.

திரும்பி வரும்போது குட்டி முன்னால் போக, அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண்ணுக்கே நான் நர்ஸுன்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு. பாத்தியா?" என்றாள்.

"குழந்தைதானே அண்ணி. அண்ணன் உளறினதைக் கேட்டுட்டு உளறியிருக்கும். நீங்க அங்கயே இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"எல்லார் முன்னாடியும் அவளைப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?"

நான் எட்டி நடந்து குட்டியின் பையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே அண்ணி முடிவுக்கு வந்துவிட்டாள். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனிடம் போய் ஆராய்ச்சிப் படிப்புதான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் காரணங்களை அடுக்கினாள். முக்காலியில் எத்தனை வருஷம் குனிந்து உட்கார முடியும், முதுகு என்ன ஆகும், பாடம் சொல்லிக்கொடுத்தால் நூறு நர்ஸுகள் உருவாவார்களே, தொலைநோக்கோடு யோசிக்க வேண்டாமா? எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் மனசுக்குள் ஓடிய காரணம் எனக்குத் தெரியும். நாலைந்து வருஷம் படித்துவிட்டால் அன்று ஆட்டிய தலை உண்மையாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதற்காகப் பூசணித் தோட்டத்தையே விலைக்கு வாங்கப் பார்த்தாள். "அப்ப அந்தக் கால் அறை?" என்று கேட்டேன். "யாராவது திறப்பாங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த துணியைக் கோணலாகத் தைத்துவிட்டுப் பிரித்துத் தைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அறை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கிளாஸ் டீச்சரும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய சர்க்கரை நோயாளி. வலது காலில் இரண்டாம் விரலைச் சுற்றி அழுக்கான கட்டு. தெருமுனை கிளினிக்கில் போட்டதாம்.

"மன்னிக்கணும் டாக்டர். சொல்லாம வந்துட்டோம். நீங்க ஒரு பார்வை பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றாள் டீச்சர். அண்ணி அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

தபால்காரர் காலை என் நாற்காலி மேல் நீட்டினார். அண்ணியின் கை தன்னிச்சையாக நீண்டது, பாதியில் நின்றது, திரும்பி இடுப்புக்கு வந்துவிட்டது. அவள் மூக்கு விடைத்ததை நான் கவனித்தேன். அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது. வழக்கமாக இந்நேரம் என் துணி மூட்டை மேலாவது குந்திக் கட்டைத் தொட்டிருப்பாள். அன்று எதிரில் இருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அடுப்பை அணைக்காமல் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"இப்ப கட்டைப் பிரிக்க வேண்டாம்" என்றாள். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து சர்ஜன்கிட்ட காட்டிடுங்க."

"நீங்க இருப்பீங்களா டாக்டர்?"

"நான் வேற பக்கம் இருப்பேன்."

அவர்கள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கேட்டேன்.

"ஏன் அண்ணி பிரிக்கல?"

"வீட்ல வச்சுப் பிரிச்சா கிருமி ஏறும்."

"போன மாசம் எதிர்வீட்டுக்காரருக்கு இதே நாற்காலியிலதானே பிரிச்சீங்க?"

அவள் மாடி ஏறிவிட்டாள். பிரித்திருந்தால் அவள் கையே அவளைக் காட்டிக்கொடுத்திருக்கும். எந்த டாக்டர் தரையில் குந்தி உட்கார்ந்து உப்புத் தண்ணீர் ஊற்றிக் கதை பேசுவார்?

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. டீச்சருக்குப் பரீட்சை வேலை. தபால்காரருக்கு வலியும் இல்லை. சர்க்கரைக் காலுக்கு உணர்ச்சி செத்துப்போகும், வலிக்காததுதான் ஆபத்து என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? தெருமுனை கிளினிக்கில் கட்டை மாற்றிவிடுகிறோம் என்று கூப்பிட்டபோதும் அவர் போகவில்லை. "பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே பிரிக்க வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். நர்ஸ் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார். டாக்டர் சொன்னது என்பதால் பத்திரமாகக் காப்பாற்றினார். காய்ச்சல் வந்த பிறகுதான் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அன்று மாலை அண்ணி வந்து உட்கார்ந்தாள். நான் மிஷினை நிறுத்திய பிறகுதான் ஆரம்பித்தாள்.

காலையில் வார்டில் சின்ன நர்ஸ் ஒருத்தி, "சிஸ்டர், புதுசா ஒரு ரெண்டாம் விரல் வந்திருக்கு, கட்டு ஒட்டிக்கிட்டிருக்கு, நீங்கதான் பிரிக்கணும்" என்றிருக்கிறாள். அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அந்தக் கட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. துணி விட்டுக்கொடுத்தது. விரல் நகத்திலிருந்து அடிவரை கறுத்துப்போயிருந்தது.

பக்கத்தில் நின்ற இளம் டாக்டர், "இத்தனை நாள் ஏன் கட்டைப் பிரிக்காம வச்சிருந்தீங்க?" என்று அதட்டினார்.

"டாக்டர்தான் பிரிக்க வேண்டாம்னு சொன்னாங்க" என்றாள் டீச்சர்.

"எந்த டாக்டர்?"

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்திருந்தவளைக் கை காட்டினாள். "இவங்கதான்."

சின்ன நர்ஸ் முதலில் சிரித்துவிட்டாளாம், வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"நான் டாக்டர் இல்ல டீச்சர். நர்ஸ். அன்னிக்கு ஸ்கூல்லயே சொல்லியிருக்கணும்" என்றாள் அண்ணி.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அண்ணி சொன்னாள். டீச்சர் அவள் கையை, அதில் இருந்த ஈரத் துணியை, கீழே இருந்த தட்டை எல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு, "இவ்வளவு பக்குவமா பிரிக்கத் தெரிஞ்சவங்க, அன்னிக்கு ஏன் பிரிக்க வேண்டாம்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பதில் இல்லாம இல்ல. இருந்துச்சு. வாயில வைக்கிற மாதிரி இல்ல" என்றாள் அண்ணி என்னிடம்.

தபால்காரர்தான் இடையில் புகுந்து, "விடும்மா. ஒரு விரல் போனா நகம் வெட்டற வேலை மிச்சம்" என்றாராம். அதைச் சொல்லும்போது அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். திட்டு வாங்குகிறவள் எப்படியோ தாங்கிக்கொள்வாள். அந்த மனுஷனின் நல்ல குணத்தை அவளால் தாங்க முடியவில்லை.

விரலை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தாலும் போயிருக்கலாம் என்று சர்ஜன் சொன்னாராம். நான் அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "போயிருக்கலாம்னா இருந்திருக்கவும் செய்யலாம், இல்ல?" என்றாள். அதற்குப் பிறகு தினமும் அவருக்கு அவள்தான் கட்டு மாற்றினாள். வார்டில் எல்லோரும் ரெண்டாம் விரல் என்று கூப்பிட, அவள் மட்டும் ஐயா என்று கூப்பிட்டாள். டீச்சர் வரும் நேரத்தில் மட்டும் மருந்து அறைக்குள் போய் நின்றுகொள்வாளாம். நான் திட்டினேன். கூனிக் குறுகி நிற்கிறவளைத் திட்டி என்ன பயன் என்று பிறகு விட்டுவிட்டேன்.

மேட்ரனிடம் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. அண்ணி, "மேடம், ஆராய்ச்சி வேண்டாம். புண் சிகிச்சைப் படிப்புக்கே போறேன்" என்றிருக்கிறாள். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லா யோசிச்சியா? கடைசி வரைக்கும் சிஸ்டர்தான். பேருக்கு முன்னாடி டாக்டர்னு வர்றது உனக்கு வேண்டாமா?" என்று கேட்டாளாம்.

"எனக்கு அந்தப் பேருதான் வேண்டியிருந்துச்சு மேடம். அதுல இருக்கற படிப்பு வேண்டியிருக்கல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று அண்ணி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. செய்த தப்புக்கு அபராதம் கட்டிவிட்ட நிம்மதி. இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி, குட்டியிடம் சொல்ல வேண்டும் என்றாள். பெண் அழுவாள், பள்ளிக்கூடத்தில் மானம் போயிற்று என்பாள், கோபப்படாமல் பேச வேண்டும் என்று என்னிடமே ஒத்திகை பார்த்தாள். குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை என் வெட்டு மேஜை மேல் போட்டதும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"குட்டி, அம்மா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போறதில்ல. நர்ஸாவேதான் இருக்கப் போறேன். உங்க மிஸ்ஸுக்கும் தெரிஞ்சு போச்சு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ ஸ்கூல்ல அம்மா டாக்டர்னு சொன்னதுல எனக்குக் கோவம் இல்ல. இந்த வயசுல அப்படித்தான் தோணும். அம்மா உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

குட்டி விழித்தாள். "நான் எப்பம்மா டாக்டர்னு சொன்னேன்?"

"மிஸ் சொன்னாங்களே, நீதான் சொன்னேன்னு."

"அம்மா நர்ஸ், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போறாங்கன்னு சொன்னேன். மிஸ் பாதியைத்தான் காதுல வாங்கினாங்க."

நான் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். அண்ணி குட்டியின் பக்கம் முழுக்கத் திரும்பினாள்.

"அப்ப ஏன் அன்னிக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னே?"

"மிஸ் எல்லார் முன்னாடியும் தப்பா சொன்னதும் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நீ இல்லன்னு சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன். மிஸ்ஸும் ஐயோ, தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு சிரிப்பாங்கன்னு நினைச்சேன். நீ ஆமான்னு தலையாட்டிட்டே." குட்டி பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "உனக்குத்தான் நர்ஸுன்னு சொல்லிக்க வெக்கமா இருக்குபோலன்னு நினைச்சேன். அதான் அப்புறம் யார் கேட்டாலும் நானே டாக்டர்னு சொல்லிட்டேன். உன்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுல்ல."

"யார் யார்கிட்ட சொன்னே?"

"எல்லார்கிட்டயும்தான்."

அண்ணி என் வெட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்ட அன்றுகூட அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை. மகளுக்கு வெட்கம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது தன்னுடையது. அதைச் சுமந்துகொண்டு திரிந்தது மட்டும்தான் மகள்.

"சரிம்மா, இனிமே யாராவது கேட்டா என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டாள் குட்டி. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"நர்ஸ்னு சொல்லு" என்றாள் அண்ணி. பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

"என்னம்மா?"

அண்ணி இன்னொரு முறை சொன்னாள்.